மரபணுக் கோளாறு என்றால் பரம்பரை நோயா? அப்பாவுக்கு சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தறிவீட்டுப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் குடியாத்தம் பக்கம். அப்பாவுக்கு 54 வயது, கைத்தறியில் லுங்கி நெய்கிறவர். ஆடி மாதத்திலிருந்தே இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிரம்பிவிடும், ராத்திரியில் பனியன் நனைகிற அளவுக்கு வேர்க்கும். நாள் முழுக்கத் தறிக்குழியில் குனிந்து உட்காருகிறவர் என்பதால் வாய்வு என்று நினைத்து நாங்களும் ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டோம். கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் வெள்ளை அணு 2,14,000. லேபில் இருந்தவர் மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று இரண்டாவது முறை எடுத்தார். அதுவும் அதேதான். அன்றைக்கே வேலூருக்கு ஓடினோம், எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துவிட்டு சி.எம்.எல். என்றார்கள்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். ஒரு மரபணு அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அதனால் ரத்த செல்கள் நிற்காமல் பெருகுகின்றன, இந்த மாத்திரை அதை அடக்கும் என்றார். நானும் தலையாட்டினேன். குடியாத்தம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அப்பா "என்னம்மா சொன்னாங்க" என்று கேட்டபோது எனக்கு ஒரு வரி கூடச் சொல்ல வரவில்லை.

இப்போது வீட்டில் மூன்று பிரச்சினை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரியம்மா, "மரபணுன்னு வெளியில வாயைத் திறக்காதே, பரம்பரை நோய்னு சொல்லி எந்த வீட்டிலயும் எடுக்க மாட்டாங்க" என்கிறார். நிஜமாகவே எங்களுக்கும் வருமா? என் பையனுக்கு நாலு வயது.

அடுத்தது, இரண்டரை மாதம் மாத்திரை போட்டதில் வெள்ளை அணு 7,800க்கு வந்துவிட்டது. வயிற்றுக் கனமும் போய்விட்டது. சித்தப்பா, "நார்மலுக்கு வந்தாச்சு, இன்னும் எதுக்கு மாத்திரை, ஒரு வைத்தியர் பஸ்பம் தர்றார், அங்க போகலாம்" என்று தினமும் போன் செய்கிறார். அடுத்த மாதம் பி.சி.ஆர். எடுக்க வரச்சொல்லியிருக்கிறார்கள். கொரோனா சமயத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதுதானா? சீட்டில் பார்த்தால் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்று எழுதியிருக்கிறது. ஒன்றும் புரியவில்லை.

அப்புறம் கடைசியாக, அப்பா இளவயதில் ஆறு வருடம் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற வேலை பார்த்தவர். அந்தப் பசை வாசனையால் வந்திருக்குமா என்று அம்மா இரவெல்லாம் அழுகிறார், வேலைக்கு அனுப்பியது அம்மாவின் அப்பாதான். தெரிந்தவர்கள் தயவுசெய்து சாதாரணத் தமிழில் சொல்லுங்கள்.


காட்பாடி லேப்:

தங்கச்சி, முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. ரத்த மாதிரிகளில் குரோமோசோமும் மரபணுவும் பார்க்கிற ஆய்வகத்தில் 16 வருடமாக வேலை செய்கிறேன். உங்கள் அப்பாவுக்கு வந்த இதே கோளாறை ஸ்லைடில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பெரியம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது, தப்பு அந்த வார்த்தையில் இருக்கிறது. மரபணு என்கிற சொல்லிலேயே "மரபு" இருப்பதால், அதில் கோளாறு என்றதும் தாத்தாவிடமிருந்து வந்தது, பேரனுக்குப் போகும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு மரபணு இரண்டு விதமாகக் கெடலாம். பிறக்கும்போதே உடம்பின் எல்லா செல்லிலும் கெட்டிருப்பது ஒரு விதம், அதுதான் பிள்ளைகளுக்குப் போக வாய்ப்பு உள்ளது. இன்னொன்று, ஐம்பது வயதில் ஒருநாள் எலும்பு மஜ்ஜைக்குள் ஒரே ஒரு செல்லில் மட்டும் கெடுவது. சி.எம்.எல். இந்த இரண்டாவது விதம். அப்பாவின் தோலிலோ, கண்ணிலோ, குழந்தைக்குப் போகிற விந்தணுவிலோ இந்தக் கோளாறு கிடையாது. நீங்களும் தங்கையும் பிறந்தபோது அது அவருக்கே இல்லை. உங்கள் பையனுக்கோ தங்கைக்கோ இதற்காக எந்தச் சோதனையும் தேவையில்லை. வரன் வீட்டில் கேட்டால் தைரியமாகச் சொல்லலாம்.

சரி, அந்த ஒரு செல்லில் என்னதான் நடந்தது? நம் செல்லில் 46 குரோமோசோம், மரபணுக்கள் வரிசையாகக் கோர்த்திருக்கிற இழைகள். அதில் 9-ம் எண்ணும் 22-ம் எண்ணும் ஒரே நேரத்தில் உடைந்து, செல் அவசரமாக ஒட்டவைக்கும்போது துண்டுகள் இடம் மாறிவிட்டன. 9-ல் இருந்த ஏ.பி.எல். என்ற மரபணு, 22-ல் இருக்கிற பி.சி.ஆர். என்ற மரபணுவின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து இதுவரை உடம்பில் இல்லாத ஒரு புது மரபணு, பி.சி.ஆர்-ஏ.பி.எல். நீங்கள் சீட்டில் பார்த்தது அதன் பெயர். எடுக்கப்போகிற சோதனையின் பெயரும் பி.சி.ஆர்.தான், கொரோனாவுக்கு எடுத்த அதே வகை, ஆனால் இங்கே மூக்கில் இல்லை, கையில் ரத்தம் எடுப்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, மரபணு BCR, சோதனை PCR, தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகிறது. குழம்பியதில் உங்கள் தப்பு ஏதும் இல்லை, எங்கள் லேபுக்கு வருகிற பலரும் இதே கேள்வி கேட்கிறார்கள்.

இனி அந்த "அளவுக்கு மீறி வேலை செய்கிறது" என்பது. எங்கள் ஊரில் போர் மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டால் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், தொட்டி நிரம்பினால் மிதவை மேலே வந்து நிறுத்திவிடும். ஏ.பி.எல். மரபணுவிலிருந்து வருகிற புரதம் நல்ல செல்லில் அப்படித்தான் அடக்கமாக இருக்கிறது. தன் தலைப்பகுதியை மடித்துத் தன்னையே பூட்டி வைத்திருக்கும். வெளியிலிருந்து வளரச் சொல்லிச் செய்தி வந்தால் மட்டும் திறக்கும், வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும். குரோமோசோம் உடைந்து ஒட்டியபோது போனது சரியாக அந்தத் தலைப்பகுதிதான், மிதவையை அறுத்துப் போட்ட மாதிரி. அது போதாதென்று புதிதாக ஒட்டிக்கொண்ட பி.சி.ஆர். பகுதிக்கு ஒரு குணம் உண்டு, தன் மாதிரியே இருக்கிற இன்னொன்றோடு கோர்த்துக்கொள்ளும். அப்படிச் சேர்ந்து நிற்கும்போது ஒன்றை ஒன்று தட்டி எழுப்பிவிடும். ஆக நிறுத்துகிற பகுதியும் போயிற்று, எழுப்பிவிடுகிற ஆளும் பக்கத்திலேயே.

இந்தப் புரதத்தின் வேலை, செல்லின் எரிசக்தியான ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி மற்ற புரதங்களின் மேல் ஒட்டுவது. ஒட்டப்பட்ட புரதம் விழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்பும், அது அடுத்ததை. கடைசியில் செல்லுக்குப் போய்ச் சேரும் செய்தி மூன்று: பிரிந்துகொண்டே இரு, சாக வேண்டிய நேரத்திலும் சாகாதே, மஜ்ஜையில் முதிர்கிறவரை காத்திருக்காமல் வெளியே போ. ஒரு செல் இரண்டாகி, நாலாகி, சில வருடங்களில் ரத்தம் முழுக்க அதன் வம்சம்தான். அப்பாவின் மண்ணீரல் அவற்றால் நிரம்பி வீங்கி இரைப்பையை அழுத்தியது, அதனால்தான் ஒன்றரை இட்லி.

1960-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் இந்த நோயாளிகளின் செல்லில் ஒரு குட்டைக் குரோமோசோமைப் பார்த்தார்கள், அதனால் இன்றும் அதற்கு அந்த ஊரின் பெயர். அதன் துண்டு தொலைந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று 1973-ல் எழுதியவர் சிகாகோவின் ஜானெட் ரௌலி. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் குரோமோசோம் படங்களைக் கத்தரித்து அடுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்களும் கத்தரிக்கோலால் வெட்டித்தான் பழகினோம், அதனால் அவரை நினைக்காமல் இந்தக் குரோமோசோமை என்னால் பார்க்க முடிவதில்லை.

மாத்திரைக்கு வருகிறேன். இமாடினிப் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? ஏ.டி.பி. வந்து உட்கார வேண்டிய பள்ளத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டார்ட்டர் ஆனில் இருந்தாலும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டால் மோட்டார் ஓடாது இல்லையா, அதுபோல. ஆனால் கவனியுங்கள், மாத்திரை அந்த மரபணுவைச் சரிசெய்யவில்லை. உடைந்த குரோமோசோம் உடைந்தபடியேதான் இருக்கிறது. மஜ்ஜையின் ஆழத்தில் இருக்கிற சில தாய் செல்கள் இந்த மாத்திரைக்குச் சாவதும் இல்லை, பேசாமல் காத்திருக்கும். சித்தப்பா சொல்கிறபடி நிறுத்தினால் ஃபியூஸ் கட்டையைத் திரும்பச் சொருகியதாக ஆகும்.

வெள்ளை அணு 7,800 என்பது நல்ல செய்திதான், ஆனால் முதல் படிதான். ரத்தத்தில் லட்சக்கணக்கில் இருந்த நோய் செல் ஆயிரக்கணக்காகக் குறைந்தாலும் வெள்ளை அணு கணக்கு நார்மல் என்றே காட்டும். மிச்சம் எவ்வளவு என்று நுட்பமாகக் காட்டுவது பி.சி.ஆர். சோதனைதான். மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள், ஆறு மாதத்தில் 1-க்குள், ஒரு வருடத்தில் 0.1-க்குள் வந்தால் சரியான பாதையில் போகிறது என்று பொருள். அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஷூ பசை விஷயம். பழைய பசைகளிலும் கரைப்பான்களிலும் பென்சீன் இருந்ததுண்டு, பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும் என்பதும் உண்மை. ஆனால் அது அழுத்தமாக நிரூபிக்கப்பட்டிருப்பது ஏ.எம்.எல். என்கிற வேறொரு வகையில். சி.எம்.எல்.லுக்கு உறுதியாகத் தெரிந்த காரணம் அதிக அளவு கதிர்வீச்சு, ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் தப்பியவர்களிடம் பார்த்தது. பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த காரணம் எதுவும் கிடையாது, செல் பிரியும்போது நடந்த விபத்து. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தாத்தா பேரில் ஒரு பழியும் இல்லை.


வாலாஜா 2012:

அம்மா, காட்பாடி லேப் சார் விளக்கமாக எழுதிவிட்டார். நான் நோயாளி. 2012-ல் எனக்கு சி.எம்.எல். என்று தெரிந்தது, அப்போது 38 வயது. இதை உங்கள் சித்தப்பாவுக்காக எழுதுகிறேன், முடிந்தால் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதல் வருடம் ஒழுங்காகப் போட்டேன். பி.சி.ஆர். 0.08-க்கு வந்தது, டாக்டர் கை கொடுத்தார். அதற்கப்புறம்தான் கெட்ட நேரம். மாத்திரையால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், காலையில் கண் இமை உப்பியிருக்கும், கொஞ்சம் வெளுத்தும் போனேன், கல்யாண வீடுகளில் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். உறவில் ஒருவர், மருந்துக்கடையில் வேலை செய்தவர், "கவுன்ட் நார்மல், இது கல்லீரலைக் கெடுக்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு" என்றார். அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். நான் கேட்டேன். பிறகு அதையும் விட்டேன். சோதனைக்கும் போகவில்லை, போனால் திட்டுவார்கள் என்ற பயம்.

எட்டு மாதம். ஒரு நாள் சட்டை பொத்தான் வயிற்றுக்கிட்ட இறுக்கியது. உடனே தெரிந்துவிட்டது. ரத்தம் எடுத்தால் 96,000, பி.சி.ஆர். 40-ஐத் தாண்டியிருந்தது. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறுபடி அதே மாத்திரை போட்டால் கேட்கவில்லை, மரபணுவில் இன்னொரு மாற்றம் வந்திருக்கிறதா என்று பரிசோதித்தார்கள், வந்திருந்தது. மாத்திரை உட்காருகிற பள்ளத்தின் வடிவம் மாறிவிட்டதாம். டசாடினிப் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். எனக்கு வந்த மாற்றம் அதற்குக் கட்டுப்பட்டது, அது என் அதிர்ஷ்டம். அந்தப் புரதத்தின் 315-ம் இடத்தில் மாற்றம் வந்திருந்தால் இமாடினிப், டசாடினிப், நிலோடினிப் எதுவுமே பிடிக்காது, பொனாடினிப் மாதிரி வேறு மருந்துக்குப் போக வேண்டும், செலவும் பயமும் வேறு அளவு.

இன்றைக்கு 0.01-க்குக் கீழே இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்துவிட்டேன், வாலாஜாவிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை வேலூர் போய்வருகிறேன். அந்த எட்டு மாதத்தை மட்டும் திரும்ப வாங்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு வந்த வருடம் வெளிநாட்டுக் கம்பெனி மாத்திரை மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல், நம் நாட்டுக் கம்பெனி செய்தது எட்டாயிரம் சுமார். அந்த வெளிநாட்டுக் கம்பெனி காப்புரிமை கேட்டுப் போட்ட விண்ணப்பத்தை 2006-ல் மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013 ஏப்ரல் 1-ம் தேதி தீர்ப்பு வந்தது, காப்புரிமை கிடையாது என்று. அன்று மாலை டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். தறிக்காரரும் வண்டிக்காரனும் இந்த மாத்திரையைப் போட முடிகிறது என்றால் அதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். அப்படிக் கிடைத்த மாத்திரையைத்தான் நான் விட்டேன்.


ஆற்காட்டான்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அக்கா பையனுக்கு ஏ.எம்.எல்., 19 வயது. அவனுக்கும் ஒரு மரபணு ஓவராக வேலை செய்கிறது என்றுதான் சொன்னார்கள், எஃப்.எல்.டி.3. ஆனால் அவனுக்கு கீமோ, அப்புறம் மஜ்ஜை மாற்று என்கிறார்கள். ஒரே மாதிரி கோளாறு என்றால் அவனுக்கு ஏன் ஒரு மாத்திரை போதாது?


காட்பாடி லேப்:

ஆற்காடு அண்ணா, இதைக் கேட்டது நல்லதாயிற்று. சி.எம்.எல். ஆரம்ப நிலையில் ஏறக்குறைய அந்த ஒரு மரபணுவே எல்லாவற்றையும் ஓட்டுகிறது. அந்த மரபணுவை எலிகளின் மஜ்ஜையில் வைத்ததுமே அவற்றுக்கு இதே நோய் வந்தது என்று 1990-ல் காட்டினார்கள். ஆணிவேர் ஒன்று என்பதால் அதை அழுத்தினால் போதும். 1998-ல் தொடங்கிய முதல் சோதனையில் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ இமாடினிப் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை முழுதாகச் சரியானது, எங்கள் துறையில் அப்படி ஒரு கணக்கை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

ஏ.எம்.எல். அப்படி இல்லை. எஃப்.எல்.டி.3 என்பது செல்லின் வெளிச்சுவரில் நிற்கிற ஒரு வாங்கி. வளரச் சொல்கிற செய்தியை வெளியிலிருந்து வாங்கி உள்ளே கொடுக்கும். அந்த மரபணுவில் ஒரு துண்டு இரண்டு தடவை எழுதப்பட்டுவிட்டால், செய்தி வராமலே வந்ததாக உள்ளே சொல்லிக்கொண்டிருக்கும். ஏ.எம்.எல். நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு இந்த மரபணுவில் மாற்றம் உண்டு. ஆனால் அங்கே அது தனி ஆள் இல்லை, பெரும்பாலும் கடைசியாக வந்து சேர்ந்த ஆள். அதற்கு முன்பே செல்லை முதிரவிடாமல் தடுக்கிற வேறு மாற்றங்கள் வந்திருக்கும். எஃப்.எல்.டி.3-ஐ மட்டும் அடக்கினால் மற்றவை விடாது. அதனால்தான் கீமோவோடு மிடோஸ்டாரின் மாதிரி மாத்திரையைச் சேர்க்கிறார்கள், 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதற்கப்புறம் மஜ்ஜை மாற்று சிகிச்சை. தம்பிக்குச் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

ஓவராக வேலை செய்வது என்பதிலேயே வகை உண்டு. ஏ.பி.எல்.லுக்கும் எஃப்.எல்.டி.3-க்கும் நடந்தது புரதமே கெட்டு நிற்காமல் ஓடுவது. எம்.ஒய்.சி. என்று ஒரு மரபணு, பர்கிட் என்கிற நிணநீர்ப் புற்றுநோயில் முக்கியக் கோளாறு அது இருக்கிற இடத்தில்தான், மரபணு 8-லிருந்து 14-ம் குரோமோசோமில் நோய் எதிர்ப்புப் புரதம் தயாரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். அந்த இடம் இரவு பகலாக ஓடுகிற இடம், பக்கத்தில் போன மரபணுவும் சேர்ந்து ஓடுகிறது.


வார்டு அக்கா:

தறிவீட்டுப் பெண்ணுக்கு, நான் ரத்த நோய் வார்டில் 20 வருடம் நர்ஸாக இருந்தவள். பஸ்பம் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பாஷாணம் ரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும், வேலூரிலேயே கொடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு நம் பக்கம் சுற்றுகிறது. அதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. ஏ.பி.எல். என்று ஒரு ரத்தப் புற்றுநோய் இருக்கிறது. உங்கள் அப்பாவின் சீட்டில் உள்ள ஏ.பி.எல். மரபணுவின் பெயர், அது வேறு, இது வேறு, ஆங்கிலத்தில் மரபணு ABL, இந்த நோய் APL, இங்கேயும் தமிழ் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்த நோயில் 15-ம் 17-ம் குரோமோசோம் இடம் மாறி ஒரு கெட்ட புரதம் உண்டாகும், அது செல்லை முதிரவிடாது. ஆர்சனிக் ட்ரையாக்சைடு, அதாவது நாம் வெள்ளைப் பாஷாணம் என்கிறோமே அதே பொருள், அந்தப் புரதத்தைப் பிடித்து அழிக்கிறது. சீனாவில் ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் 1970-களில் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யில் 1998-லிருந்து 2004 வரை புதிதாக வந்த 72 ஏ.பி.எல். நோயாளிகளுக்கு அதை மட்டுமே முதன்மை மருந்தாகக் கொடுத்து, 86 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக அடங்கியது என்று வெளியிட்டார்கள். இது பெருமைப்பட வேண்டிய வேலைதான்.

ஆனால் அது சுத்தம் செய்து அளந்த மருந்து, ரத்த நாளத்தில் சொட்டுச் சொட்டாக இறக்குவது. பக்கத்தில் ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே இருப்போம், இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகக்கூடும் என்பதால் பொட்டாசியம் மெக்னீசியம் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுப்போம். அது அந்த ஒரு நோய்க்கு, அந்த ஒரு புரதத்துக்கு. உங்கள் அப்பாவின் நோயில் அந்தப் புரதமே கிடையாது. சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல வரவில்லை, என் வீட்டிலும் கஷாயம் உண்டு. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பஸ்பம் இந்த மாத்திரையோடு உள்ளே போனால் கல்லீரல் இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டும். எது கொடுப்பதாக இருந்தாலும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய சொம்புத் தண்ணீரோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். பம்ப்ளிமாஸ் வேண்டாம், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கால் பிடிப்பு, முகம் உப்பல் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது.


காட்பாடி லேப்:

நர்ஸ் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரை டப்பா மூடியில், திறக்கும்போதெல்லாம் பதிவாகிற ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்கள், 2010-ல் வெளிவந்தது. பத்தில் ஒன்பது வேளைக்கு மேல் தவறாமல் போட்டவர்களில் 94 சதவீதம் பேர் அந்த 0.1 என்ற இலக்கைத் தொட்டார்கள். அதற்குக் குறைவாகப் போட்டவர்களில் 28 சதவீதம்தான். பத்தில் ஒன்று என்றால் மாதம் மூன்று மாத்திரை. வாலாஜா அண்ணன் மாதிரி முழுதாக நிறுத்தினால்தான் கெடும் என்று இல்லை, ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று மாதம் நாலு நாள் விட்டாலே கணக்கு இப்படி மாறுகிறது.

என்றைக்குமே நிறுத்த முடியாதா என்றால், முடியும், சிலருக்கு. பல வருடம் போட்டு, பி.சி.ஆர். மிக ஆழத்தில் குறைந்தது இரண்டு வருடமாவது அசையாமல் இருந்தால், டாக்டரே நிறுத்திப் பார்ப்பார், மாதாமாதம் சோதனை வைத்து. அப்படி நிறுத்தியவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் திரும்ப வரவில்லை. வந்த மற்ற பாதியும் பெரும்பாலும் அதே மாத்திரைக்கே மறுபடி அடங்குகிறது, ஏனென்றால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். சித்தப்பாவின் ஆசை தப்பில்லை, ஆறேழு வருடம் முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான்.


தறிவீட்டுப் பெண்:

எல்லோருக்கும் பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னியுங்கள். மூன்றாவது மாத பி.சி.ஆர். வந்தது, 4.2. பத்துக்குள்.

வாலாஜா அண்ணன் எழுதியதைச் சித்தப்பாவுக்குப் போனிலேயே படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார், ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் பஸ்பம் பற்றி அவர் பேசவே இல்லை, போன வாரம் பரிசோதனைக்கு அப்பாவை அவர்தான் வண்டியில் கூட்டிப் போனார்.

அப்பாவுக்கு நான்தான் விளக்கினேன். மோட்டார் கதையைச் சொன்னேன், அது அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை, எங்களுக்கு நிலம் கிடையாது. அப்போது தறியில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். இரண்டு குரோமோசோம் உடைந்து மாற்றி ஒட்டிக்கொண்டது என்றதும் கையை நிறுத்திவிட்டு, "இந்த இழையும் அறுந்து, பக்கத்து இழையும் அறுந்து, அவசரத்துல இதோட தலைப்பை அதோட முடிஞ்சிட்டாப்பல" என்றார். ஆமாம்ப்பா, அதேதான் என்றேன். "அது ஒரு இழையிலதான? மத்த பாவு நல்லாத்தான இருக்கு" என்று கேட்டார். தங்கையையும் என் பையனையும் பார்த்துத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நல்லா இருக்குப்பா என்றேன்.

அம்மாவிடம் தாத்தா விஷயத்தையும் சொன்னேன். நம்பினாரா தெரியாது, ஆனால் தூங்குகிறார்.

வரன் வீட்டாரிடம் தங்கையே பேசினாள். அப்பாவுக்கு என்ன நோய், என்ன மாத்திரை, பிள்ளைகளுக்குப் போகாது என்று இங்கே எழுதியதை அப்படியே சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். பெரியம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இரவு எட்டரை மணிக்குச் சாப்பாடு, மாத்திரை, சொம்புத் தண்ணீர். பையன்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். நேற்றிலிருந்து அப்பாவுக்கு ராத்திரியில் கெண்டைக்கால் பிடிக்கிறது, தறி மிதிப்பதாலா மாத்திரையாலா தெரியவில்லை. வாலாஜா அண்ணா, உங்களுக்கு அப்போது டாக்டர் என்ன கொடுத்தார்? வியாழக்கிழமை போகும்போது கேட்பதற்காகக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.